பீரோவுக்குப் பின்னால் ஒரு கோடு

என் மகனுக்கு,

நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எங்கள் தமிழ் மிஸ் சொல்லியிருக்கிறார். ஆனால் நீ இன்னும் பிறக்கவே இல்லை. எனக்கே இப்போது பதினைந்து வயதுதான் ஆகிறது, பத்தாம் வகுப்பு படிக்கிறேன். 'நீங்கள் பெற்றோராகி, உங்கள் மகன் வளர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவனுக்கு ஒரு கடிதம் எழுதுக' என்று வீட்டுப்பாடம் கொடுத்தார். நன்றாகப் படி, மரம் நடு, பெரியவர்களை மதி என்று ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்து நன்றாக இருப்பதாகச் சிவப்பு மையில் குறித்துத் தந்தார். இது அந்தக் கடிதம் இல்லை. அதில் எழுத முடியாமல் போனதைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் தூங்கிய பிறகுதான் எழுத முடிகிறது. நீ மகளாகப் பிறந்தாலும் இது உனக்குத்தான். படிக்கும்போது உனக்கு என்னைவிட வயது கூடியிருக்கும், அதனால் அம்மா என்று பயப்படாமல் படி. பயம் எல்லாம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது.

செங்கல்பட்டில் நாங்கள் இருக்கும் தெரு ஆற்றங்கரையில் இருக்கிறது. அரசாங்கக் காகிதத்தில் அதற்கு ஆறு என்று பெயர் கிடையாது, உபரி நீர்க் கால்வாய் என்றுதான் போட்டிருப்பார்கள். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து, ஊருக்குள் நுழைந்து, எங்கள் தெருவை ஒட்டிப் போய்ப் பாலாற்றில் சேரும். நாங்கள் அதை ஆறு என்றுதான் சொல்கிறோம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதில் தண்ணீரையே பார்த்ததில்லை. இந்தக் கரையில் நாங்கள். அந்தக் கரையில் ஊர்க் குப்பை, இடித்த வீடுகளின் செங்கல், அதன்மேல் வேலிகாத்தான் முள். நடுவில் ஆகாயத்தாமரை பச்சையாக மூடிக் கிடக்கும், அதன் அடியில் சாக்கடை. எங்கள் வீடு முதல் வரிசை. கதவைத் திறந்தால் ஆறு. அப்பா கொத்தனார், அவரே கட்டிய வீடு. சுவரில் எந்தச் செங்கல் எந்தச் சூளையில் வாங்கியது என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

வெள்ளம் வந்த இரவைப் பற்றி உனக்கு நீளமாகச் சொல்ல மாட்டேன். எனக்கு அதை நினைத்தாலே உடம்பு அசந்துபோகிறது. கார்த்திகை மாதம், மூன்று நாள் விடாத மழை. டீக்கடை ஏழுமலை மாமாதான் முதலில் கத்தினார். "எல்லாம் எழுந்திருங்கடா! கலங்கல் மேல எகிறிக்கினு வருது தண்ணி! இன்னாத்தய்யா தேடிகினு கீற, மொதல்ல புள்ளயத் தூக்கு!" அன்றைக்குத் தெருவில் இருந்த கிழவர் கிழவிகளில் பாதிப் பேரையும் என்னையும் அவர்தான் தோளில் சுமந்து எங்கள் பள்ளிக்கூட மாடியில் கொண்டுபோய் விட்டார். பின்னால் அவரைப் பற்றி நான் எழுதப் போவதைப் படிக்கும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள். எங்களை மாடியில் உட்கார வைத்துவிட்டு அப்பா திரும்பினார். "ரேஷன் கார்டு பொட்டி வூட்லயே கீது. எடுத்துகினு வந்துடறேன்" என்றார். "அது இன்னாத்துக்கு இப்ப, வாய்யா" என்று அம்மா கத்தியது அவர் காதில் விழவில்லை. விடிந்த பிறகுதான் வந்தார், தகரப் பெட்டியோடு. உதடு நீலமாக இருந்தது. "எங்கய்யா இருந்த ராவெல்லாம்?" என்று அம்மா கேட்டதற்கு, "ஏழுமல கடை மாடியில படுத்துகினேன். தாண்ட முடியல" என்றார். அம்மா அவர் தலையைத் துவட்டிக்கொண்டே திட்டினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்கு வேலை, வேலை, வேலை. சேற்றை முறத்தில் வாரிக் கொட்டினோம். வாரிய இடத்தில் மறுநாள் மறுபடியும் ஈரம் ஊறி நாறியது. அரிசி போயிற்று, பாய் போயிற்று, என் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்கள் இட்லி மாதிரி ஊதிப்போயின. பீரோ மட்டும் சாயாமல் நின்றது, ஆனால் அதன் கால்கள் துருப்பிடித்துத் தரையோடு ஒட்டிக்கொண்டன. சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, தெரு முழுக்க எல்லா வீட்டுச் சுவரிலும் அதே உயரத்தில் அந்தக் கோடு ஓடியது, யாரோ நூல் பிடித்து இழுத்த மாதிரி. சாப்பிடும்போதும் படிக்கும்போதும் அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. மார்கழிக் கடைசியில் பொங்கலுக்கு எல்லோரும் வெள்ளையடித்தார்கள். எந்த வருடத்தைவிடவும் கெட்டியாக, நீலம் கூடுதலாகப் போட்டு, இரண்டு பூச்சு. எங்கள் வீட்டுக்கு அப்பாவே அடித்தார். "பீரோவ நகத்தணுமா?" என்று கேட்டேன். "வாணாம் கண்ணு. இழுத்தா காலு ஒடிஞ்சிடும். பின்னாடி எவன் வந்து பாக்கப் போறான்" என்றார். கோடு மறைந்ததும் வீட்டுக்குள் மூச்சு விடுவதே சுலபமாக இருந்தது. யாரையும் ஏமாற்ற நாங்கள் அப்போது அடிக்கவில்லை. பொங்கல் வந்தால் வெள்ளையடிப்போம், அவ்வளவுதான்.

காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் போனோம். வருடா வருடம் போவதுதான். கடலில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரை இழுத்துப் போவார், அம்மா கரையிலிருந்து கத்துவாள். அந்த வருடம் அப்பா காய்ந்த மணலிலேயே நின்றார். "வாப்பா" என்று இழுத்தேன். "நீ போ. செருப்ப யாரு பாத்துக்கறது?" என்றார். மூன்று ஜோடி ரப்பர் செருப்பை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று நானும் அம்மாவும் சிரித்தோம். அங்கிருந்து பஸ் பிடித்து முட்டுக்காட்டில் சித்தி வீட்டுக்குப் போனோம். அங்கே பாலத்தின்மேல் பஸ் போகும்போது, இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டும்வரை தண்ணீர் பரந்து கிடந்ததை அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "பாரு, எடம் குடுத்தா எப்பிடி அது பாட்டுக்குப் படுத்துகினு கீது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நான் அப்போது சுண்டல் தின்றுகொண்டிருந்தேன்.

தை மாதக் கடைசியில், ஆற்றைச் சரிசெய்யப் போகிறார்கள், அதற்கு அளவெடுக்க ஆள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடை வாசலில் தெருவே கூடியது. ஏழுமலை மாமா பெஞ்சுமேல் ஏறி நின்றார். "தோ பாருங்க, அவன் வந்து தண்ணி எம்மாம் ஒசரம் வந்துச்சின்னு கேப்பான். நெஞ்சு வரைக்கும்னு சொன்னீங்கன்னு வையி, இங்க மனுசன் இருக்க லாயக்கில்லன்னு எழுதி நம்ம அத்தினி பேரயும் சிறுசேரிக்கு அந்தாண்ட மாடி வூட்ல கொண்டுபோய்க் கொட்டிடுவான். என் தம்பிய கொட்னான் இல்ல? இப்ப அவன் வேலைக்கு வர்றதுக்கு மூணு பஸ்ஸு. புள்ளங்க பள்ளிக்கூடத்த நிறுத்திட்ச்சி. அதனால முட்டி வரைக்கும். கெழவன்லேர்ந்து கொழந்த வரைக்கும் ஒரே பேச்சு, முட்டி!" யாரோ, "சுவத்துல கோடு கீதேண்ணா" என்றார்கள். "எங்க கீது? காட்டு பாக்கலாம்" என்று அவர் சிரித்தார். "பொங்கலு காப்பாத்திட்சிய்யா நம்மள." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது பொய் என்றாலும், அவர் பயம் பொய் இல்லை. மகனே, இந்த இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்க எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

அளவெடுக்க வந்தவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் என்ஜினியர் சார். மூன்று கால் கருவி, நீளமான கட்டங்கட்டிய கோல் எல்லாம் அவருடையது. இன்னொருவர் ஒரு மேடம். முள்ளுக்குள் புகுந்து ஒவ்வொரு புல்லின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டதால் தெருவில் அவருக்குச் செடி மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு அவர் இரண்டு முறை வந்து பேசியிருந்ததால் என்னை அவருக்குத் தெரியும். அவர்கள் திட்டத்தை மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். இரண்டு பக்கமும் சிமென்ட் சுவர் எழுப்பினால் தண்ணீர் வேகம் பிடித்துக் கீழே இருக்கிற தெருக்களை அடிக்கும். அதனால் எங்கள் பக்கம் மண்கரை, அடியில் மட்டும் கல், சரிவில் வெட்டிவேர். எதிர்ப்பக்கம் குப்பையையும் முள்ளையும் எடுத்துவிட்டுத் தாழ்வாக வெட்டிவிட வேண்டும். வெள்ளம் வந்தால் ஆறு அந்தப் பக்கம் சாய்ந்து படுத்துக்கொள்ளும், மற்ற மாதங்களில் அங்கே கோரையும் நாணலும் தாழையும் வளரட்டும், பறவைகள் வரட்டும். "கரை எவ்வளவு உயரம், அந்தப் பக்கம் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் போன வெள்ளம் எதுவரை வந்தது என்பதைப் பொறுத்தது. அதைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும்" என்றார். முட்டி, முட்டி என்று தெரு முழுக்கச் சொன்னது. அவர் நம்பவில்லை. என்னைப் பார்த்தார்.

"பாப்பா, நீ சொல்லு. உங்க வீட்டுக்குள்ள தண்ணி எவ்வளவு இருந்துச்சு?"

அப்பா கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்க்காமல் கையிலிருந்த காய்ந்த சிமென்ட்டை உரித்துக்கொண்டிருந்தார். "முட்டி வரைக்கும் மேடம்" என்றேன். "யார் முட்டி? உன் முட்டியா, அப்பா முட்டியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஏழுமலை மாமா புகுந்தார். "அவ முட்டிதான் மேடம். எங்க கொத்தனார் முட்டின்னா தரையிலேர்ந்து ஒரு சாண்தான் வரும், ஆளப் பாருங்க." கூட்டம் சிரித்தது. என்ஜினியர் சார் என் முட்டிக்கு நேராக எங்கள் வாசல் சுவரில் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் ஏதோ எழுத்தும் எழுதினார். அப்பா எனக்கு அன்று பரோட்டா வாங்கி வந்தார். கேட்காமல் வாங்கி வந்தார். அதைத் தின்றேன். நான் உனக்குச் சொல்ல வேண்டிய முதல் தப்பு இது. என்னை மிரட்டி யாரும் சொல்ல வைக்கவில்லை. தெரு முழுக்க என்மேல் பிரியமாக இருந்த ஒரு நாளில் சொன்னேன்.

வேலை பங்குனியில் தொடங்கியது. எங்கள் பக்கக் கரைக்குக் கல் பதிக்கிற வேலையில் அப்பாவும் தினக்கூலிக்குப் போனார். வேலிகாத்தானை வேரோடு பிடுங்கி எடுத்தார்கள். குப்பையை லாரி லாரியாக அள்ளினார்கள். நாங்கள் மன்றத்துப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வெட்டிவேர்க் கன்றும் நொச்சிக் குச்சியும் நட்டோம். நீர்மருது நட்டதில் மூன்றை ஆடு தின்றுவிட்டது. ஆடி மாதத்துக்குள் எதிர்ப்பக்கம் கோரை இடுப்பளவு வளர்ந்துவிட்டது. ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அதற்குள்ளிருந்து சிவப்பு மூக்குத் தண்ணிக்கோழி ஒன்று கறுப்புக் குஞ்சுகளோடு வெளியே வந்து நீந்தியது. தெருவே பல்பொடி வாயோடு நின்று பார்த்தது. ஏழுமலை மாமாகூட, "கொழம்புக்கு ஆவுமா மேடம்?" என்று கிண்டல் செய்துகொண்டே தினமும் மீந்த பன்னைப் பிய்த்து வீசினார். மாலையில் தவளைச் சத்தம் கேட்டது. அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. நான் மட்டும் வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன். அப்பாவும் கல் பதிக்கும்போது அடிக்கடி நிறுத்திவிட்டுத் திரும்பி அதைப் பார்ப்பார். பிறகு பீடி பற்றவைப்பார்.

ஆவணியில் என் ஹேர்பின் பீரோவுக்குப் பின்னால் விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்கே சுண்ணாம்பு படவில்லை. என் நெஞ்சு உயரத்தில் பழுப்புக் கோடு, கீழே சேறு வெடித்துச் செதில் செதிலாக நின்றது. தெருவில் மிச்சம் இருந்த ஒரே கோடு அதுதான். ஹேர்பின்னை எடுக்கவில்லை. அன்றிலிருந்து நான் சரியாகத் தூங்குவதில்லை. வகுப்பில் தூங்கி விழுகிறேன். "என்ன, ராத்திரியெல்லாம் டிவியா?" என்று அறிவியல் சார் கேட்கிறார்.

புரட்டாசி நடுவில் ஒரே ஒரு நாள் கனமாகப் பெய்தது. ஏரி நிரம்பக்கூட இல்லை, கலங்கலில் ஒரு சொட்டும் வழியவில்லை. ஊருக்குள் பெய்த தண்ணீர் மட்டுமே ஆற்றுக்கு வந்தது. அதற்கே கரையின் விளிம்புக்கு ஒரு முழம்தான் பாக்கி. எல்லோரும் கரைமேல் நின்று பார்த்தோம். எதிர்ப்பக்கம் கோரை முழுகி, நுனிகள் மட்டும் ஒரே திசையில் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. "பாத்தியாய்யா, கோர அடைக்குது" என்றார் ஏழுமலை மாமா. "புல்லு வளத்து புல்லு வளத்து நம்மள முழுவடிக்கப் பாக்கறாங்க. பொக்லைன வுட்டு மொத்தத்தயும் வழிச்சிட்டா தண்ணி விர்ருன்னு பூடும்." அதற்குள் எல்லோரும் கோரையைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் முட்டி என்று சொன்னதால் கரை தாழ்ந்துபோனது, அந்தப் பக்கம் குறுகிப்போனது. ஐப்பசியில் ஏரியும் வழிந்தால் தண்ணீர் மறுபடியும் நெஞ்சு வரை வரும். அப்போதும் யாரும் முட்டியைச் சொல்ல மாட்டார்கள். கோரையைச் சொல்வார்கள். தண்ணிக்கோழியைச் சொல்வார்கள். செடி மேடத்தைச் சொல்வார்கள். வழித்தெடுத்தால் தண்ணீர் வேகமாகப் போகும் என்பதும் உண்மைதான். அடுத்த தெருக்காரர்கள் வீட்டுக்கு வேகமாகப் போகும்.

நாளைக்குக் காலையில் கூட்டம். கோரையை எடுப்பதா வேண்டாமா என்று பேச என்ஜினியர் சாரும் மேடமும் வருகிறார்கள். பொக்லைன் இன்று சாயங்காலமே வந்து பள்ளிக்கூடப் பக்கம் நிற்கிறது. நான் கோட்டைக் காட்டினால் எங்கள் வீடு போய்விடலாம். வீடு போனால் பள்ளிக்கூடமும் போகும், இன்னும் ஐந்து மாதத்தில் எனக்குப் பொதுத்தேர்வு. காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பது பீரோவுக்குப் பின்னால் எழுதியிருக்கிறது. அப்பா அடிப்பாரா என்று தெரியவில்லை. இதுவரை அடித்ததில்லை. அடித்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது. எனக்குக் கை வலிக்கிறது. நீ பெரியவனாகி ஏதாவது பெரிய விஷயத்தில் மாட்டிக்கொண்டால், உன் அம்மாவும் ஒருநாள் இப்படி உட்கார்ந்து ஒரு முடிவும் எடுக்காமல் நோட்டை மூடினாள் என்று நினைத்துக்கொள்.

இது மறுநாள்.

கூட்டம் கரைமேல் நடந்தது. நான் பள்ளிக்கூடச் சீருடையில், பையோடு நின்றேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக முடிந்துவிடும்போல இருந்தது. என்ஜினியர் சார் களைத்துப்போய் இருந்தார். "நீங்க சொன்ன அளவுக்குத்தான் கட்டினோம். அந்த அளவுக்குத் தண்ணி அடங்கணும். அடங்கலைன்னா கோரைதான் காரணமா இருக்கும்" என்றார். மேடம் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டார். அவருடைய கணக்குக்கும் அடியில் என் முட்டிதான் இருந்தது. "சரி, எடுத்துடலாம்" என்று சார் சொல்ல, யாரோ பொக்லைன்காரருக்குக் கையசைத்தார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வரவில்லை. நேராக மேடத்திடம் போனேன். "மேடம், எங்க வூட்ல வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றேன். அது ஒன்றுதான் வாயில் வந்தது. "இப்பவாம்மா?" என்று கேட்டார். "இப்பவே மேடம்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அதற்குள் நான் பீரோவின் ஒரு பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. "இன்னாடி பண்ற, பைத்தியமா புட்ச்சிருக்கு?" என்றாள் அம்மா. நான் மறுபடியும் தள்ளினேன். "தண்ணி தரேன்னு கூப்பிட்டு பீரோ தள்ள வைக்கிறியே" என்று சொல்லிக்கொண்டே மேடம் சொம்பைக் கீழே வைத்துவிட்டு மறுபக்கம் கை கொடுத்தார். அப்போது அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கம் வந்து தோளைக் கொடுத்தாள். பீரோ கத்திக்கொண்டு நகர்ந்தது. ஒரு கால் ஒடிந்தது. கோடு தெரிந்தது. என் ஹேர்பின்னும் தெரிந்தது.

மேடம் வாசலுக்குப் போய் சாரைக் கூப்பிட்டார். சாருக்குப் பின்னால் தெருவே வாசலில் அடைத்துக்கொண்டது. ஏழுமலை மாமா எட்டிப் பார்த்தார். அவர் முகம் கறுத்துவிட்டது. "அது பழைய வெள்ளம் சார். நாங்கெல்லாம் பொறக்கறதுக்கு முன்னாடி வந்தது" என்றார். "வூடு கட்டியே பதினெட்டு வருசந்தாண்ணா ஆவுது" என்று கூட்டத்தில் எவனோ முனகினான். "மூட்றா" என்று அவர் அவனை அடக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "உன்னத் தோள்ல தூக்கிகினு போனவன்டி நானு." அது உண்மை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அதான் மாமா" என்றேன். அதற்குமேல் சொல்ல வரவில்லை. அவரை இன்னொரு முறை தூக்க வைக்கக்கூடாது என்று சொல்ல நினைத்தேன். சார் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து கோடு வரை அளந்தார். நோட்டில் எழுதினார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா உள்ளே வந்தார், வேலைக்குக் கிளம்பிய லுங்கியோடு. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார், சார் நோட்டைப் பார்த்தார். "அது சரியில்ல சார்" என்றார்.

"பாத்தீங்களா, நான் சொல்லல?" என்றார் ஏழுமலை மாமா.

"இன்னும் மூணு கல்லு ஏத்திக்கோங்க சார்" என்றார் அப்பா. சாருக்குப் புரியவில்லை. கொத்தனார்கள் உயரத்தைச் செங்கல் கணக்கில் சொல்வார்கள். அப்பா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். தன் தாடைக்குக் கீழே கையை வைத்துச் சுவரில் குறித்தார். "கோடு விழுந்தது தண்ணி வடிஞ்சி நின்ன எடம். விடியக் காத்தால வரைக்கும் அங்கதான் நின்னுச்சி. அதுக்கு முன்னாடி ராத்திரி இங்க வரைக்கும் ஏறிட்சி. ரொம்ப நேரம் இல்ல. ஒரு மணி நேரம் இருக்கும். இங்கதான் நின்னேன். கட்டில் மெதந்துகினு வந்து கதவ அடச்சிகிட்சி. பொட்டிய தலமேல வச்சிகினு நின்னேன்."

வெளியே பொக்லைன் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "ஏழுமல அண்ணன் கடை மாடியில படுத்துகினேன்னு சொன்னியே."

"சொன்னேன்" என்றார் அப்பா.

"என் கடை மாடிக்கு ஏணியே இல்லியேடா" என்றார் ஏழுமலை மாமா மெதுவாக. பிறகு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். காணும் பொங்கல் அன்று அப்பா கடலில் இறங்காமல் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. நாங்கள் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

கோரையை இன்று எடுக்கவில்லை. அந்த அளவுக்கு இந்தக் கரை போதாது என்று சார் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இந்த மழைக்கு மணல் மூட்டை அடுக்குவார்கள், ஏரியில் தண்ணீர் ஏற ஏற எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். தையில் எதிர்ப்பக்கத்தை இன்னும் அகலமாக வெட்ட வேண்டும். அது போதாமல் இந்தப் பக்கமும் முதல் வரிசை வீடுகள் இருக்கும் இடம் ஆற்றுக்குத் தேவைப்படலாம் என்று மேடம் சொன்னார். சொல்லும்போது எங்கள் யார் முகத்தையும் பார்க்க அவரால் முடியவில்லை. அப்பா ஒன்றுதான் கேட்டார். "எங்க போட்டாலும் இவ பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ்ஸுல வர்ற தூரத்துல போடுங்க மேடம். பத்தாவது படிக்கிறா." எழுதிக்கொள்கிறேன் என்றார் அவர். எழுதியதை நான் பார்த்தேன். அது நடக்குமா என்று அந்த நோட்டுக்கும் தெரியாது.

சாயங்காலம் ஏழுமலை மாமா எங்களிடம் பேசவில்லை. தெருவில் பாதிப் பேர் பேசவில்லை. குழாயடியில் அம்மாவின் குடத்தை யாரோ வரிசையிலிருந்து தள்ளி வைத்திருந்தார்கள். ஆனால் இருட்டும் நேரத்தில் மாமாவின் கடைப் பையன் ஒரு நீள ஏணியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகக் கடைக்குப் போனான். அதை மாமா எங்கே சாத்தி வைத்தார் என்று நாளைக்குப் பார்க்க வேண்டும். அப்பா சாப்பிட்டுவிட்டு ஒடிந்த பீரோ காலுக்கு இரண்டு செங்கல் முட்டுக்கொடுத்தார். "திருப்பி செவுத்தாண்ட தள்ளணுமாப்பா?" என்று கேட்டேன். நான் அவரிடம் இன்று பேசிய முதல் வார்த்தை அது. "வாணாம். அப்டியே கெடக்கட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "போய்ப் படு. கண்ணெல்லாம் உள்ள பூட்ச்சி உனுக்கு" என்றார்.

நான் படுக்கவில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு அந்தப் பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் போய், அப்பா நின்ற மாதிரியே முதுகைச் சாய்த்து நின்று பார்த்தேன். அவருக்குத் தாடை. எனக்கு அது மூக்குக்கு மேலே, கண்களுக்கு நேராக இருக்கிறது. இதே வீட்டின் வாசலில் நின்றுகொண்டுதான் முட்டி வரைக்கும் என்று சொன்னேன்.

நீ எந்த வீட்டில் பிறப்பாய் என்று எனக்குத் தெரியாது. இந்த வீடு அப்போது இருக்காது. இது இருந்த இடத்தில் கோரை வளர்ந்திருந்தால் நல்லது. அப்படி வளர்ந்திருந்தால் உன்னை ஒருநாள் இங்கே கூட்டிவருவேன். தண்ணிக்கோழி காட்டுவதற்கு இல்லை, அது எங்கேயும் இருக்கும். உன் தாத்தா நின்ற இடத்தைக் காட்டுவேன். தண்ணீர் எதுவரை வந்தது என்று யாராவது உன்னைக் கேட்டால், உன்னைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் உனக்கு வேண்டியவர்களாகவே இருந்தாலும், வந்த இடத்தில் கையை வை. கை நடுங்கினால் நடுங்கட்டும், கீழே மட்டும் இறக்காதே. எனக்குத் தூக்கம் வருகிறது. ஆவணிக்குப் பிறகு இன்றுதான் வருகிறது.

உன் அம்மா